ஆடிக்கு முந்தின நாள் கட்டிங்

கட்டிங் டேபிளின் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் துணி. ரோல் ரோலாகத் துணி, விரித்த துணி, காற்றெல்லாம் பஞ்சு. வருடம் ஒருமுறை எங்களை வெயிலில் வரிசையாக நிற்கவைத்துத் தீயணைப்புப் பயிற்சி கொடுக்கும் கம்பெனியில்தான் இது நடந்தது. ‘தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது’ என்ற பலகைக்கு நேர் கீழே நின்று எம்.டி. தீக்குச்சியைக் கிழித்தார்.

எம்.டி.யின் பெயர் சென்னியப்பன். அவிநாசிபாளையம் பக்கம் தோட்டம், கிணறு, மாடு என்று இருந்த குடும்பம். இவர் காலத்தில்தான் பனியன் கம்பெனியாகி, பிறகு எக்ஸ்போர்ட் ஆனது. கம்பெனியில் எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்பவர், என்னை மட்டும் கண்ணு என்பார். நான் மடத்துக்குளத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண் என்பதால் வந்த பாசம். அந்தப் பாசத்தால் எனக்குச் சம்பளமும் கூடவில்லை, என் பேச்சுக்கு மதிப்பும் கூடவில்லை.

நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து சரக்கு கப்பல் ஏறும் நாள்வரை நிட்டிங்காரர், சாயப்பட்டறைக்காரர், தையல்காரர் என்று ஒவ்வொருவர் பின்னாலும் போய், “ஆச்சுங்களா?” என்று கேட்பது என் உத்தியோகம். “ஆயிருமுங்க” என்பது அவர்கள் உத்தியோகம்.

டேபிளுக்கு அந்தப் பக்கம் கட்டிங் மாஸ்டர் ஜெபராஜ் நின்றிருந்தார். திசையன்விளைப் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில் மனைவி எஸ்தரோடு திருப்பூருக்கு வந்து, துணி விரிக்கும் ஆளாகச் சேர்ந்து, மாஸ்டர் ஆனவர். எங்கள் ஊரில் தெற்கத்திக்காரர் எல்லோருமே அண்ணாச்சி. நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். கற்பூரத் தட்டு ஒவ்வொருவராகச் சுற்றி அவரிடம் வந்ததும் அவர் அரையடி பின்னால் நகர்ந்து தலையைக் குனிந்துகொண்டார். தட்டு அவரைத் தாண்டிப் போனது. அவர் சர்ச்சுக்குப் போகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். வருடக்கணக்காக அது அப்படித்தான் தாண்டிப் போகும், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

எம்.டி. ஒற்றை மடிப்புத் துணியில் கத்தரிக்கோல் வைத்து, குழந்தைகள் டி-சர்ட்டின் முன்பக்கம் ஒன்றை வெட்டினார். ஓரத்தில் மஞ்சள் தடவி, தன் அறையின் சாமி அலமாரியில் வைப்பதற்காக எடுத்துக்கொண்டார்.

“நல்லபடியா நடக்கட்டுமுங்க” என்றார். கார் ஏறிப் போய்விட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். என்ன நடக்கட்டும், எது நிற்கட்டும் என்று சொல்லவில்லை.

கிக்-ஆஃப் என்றால் என்ன?

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய கேன்டீன் கதையைப் படித்த ஒரு வாசகர், “சாம்பார் கதை போதும், நிர்வாகத்தைப் பற்றி எழுதுங்கள்” என்று கேட்டிருக்கிறார். நியாயம்தான். இப்போது நான் வாரக்கடைசியில் புது மெர்ச்சண்டைசர் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறேன். பாடத்தின் பெயர் ‘ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் அடிப்படைகள்’.

புத்தகம் அழகாக இருக்கிறது. ஒரு வேலையைத் தொடங்கு, திட்டமிடு, செய், கண்காணி, முடி என்கிறது. தொடங்கும்போது எல்லோரையும் கூட்டி ஒரு கூட்டம் போடு, அதற்குக் கிக்-ஆஃப் என்று பெயர் என்கிறது. பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் கற்பூர வாசம் வருகிறது.

எப்படித் தொடங்குவது என்று புத்தகத்தில் இருக்கிறது. எப்படி முடிப்பது என்றும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை யார் எழுந்து ‘நிறுத்து’ என்பது, அப்படிச் சொன்னவனுக்கு மறுநாள் என்ன ஆகும், என்பதற்கு மட்டும் பக்கம் இல்லை. பூனைக்கு மணி கட்டச் சொல்லிவிட்டு எலிகளுக்குப் பரீட்சை வைக்கிற புத்தகம்.

எங்கள் தொழிலில் எந்தத் தப்புக்கும் ஒரு பரிகாரம் உண்டு. வெளிர் நீலம் கெட்டால் நேவி புளூவாக்கலாம். அதுவும் கெட்டால் கறுப்பு. தையல் கோணலானால் பிரித்துத் தைக்கலாம். பட்டன் தப்பானால் மாற்றலாம். கட்டிங் மட்டும் அப்படியில்லை. வெட்டினால் வெட்டினதுதான். துணியை ஒட்டவைக்கிற மெஷின் திருப்பூரில் இன்னும் வரவில்லை.

அதனால்தான் கட்டிங்குக்கு முன்னால் ஒரு கதவு போட்டு வைத்திருக்கிறோம். துணியைத் துவைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று லேபில் பார்ப்பார்கள். அந்த ரிப்போர்ட் வரவேண்டும். அதற்கேற்ப அளவை மாற்றி, ஆர்டர் கொடுத்தவர் சரி என்ற பிறகுதான் மொத்தத் துணியையும் வெட்டலாம். அன்று ரிப்போர்ட் வரவில்லை.

காலையிலேயே எம்.டி.யிடம் போய்ச் சொன்னேன். கற்பூரத்துக்குத் தட்டு தேடிக்கொண்டிருந்தார்.

“ஏன் கண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற? சாஸ்திரத்துக்கு ஒரு பீஸ் தானே. நாளைக்கு ஆடி பொறந்துரும். ஆடியில போயி புதுசா கத்திரி எடுக்கறதா?”

ஒரு பீஸ்தான் என்று என்னிடம் சொன்னார். அதைக் கட்டிங்கில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் மிச்ச கலருக்குச் சாயம் பார்க்கப் பெருந்துறைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. ரிப்போர்ட் வரவில்லை என்று ஜெபராஜிடமும், புரொடக்‌ஷன் மேனேஜர் ரமேஷிடமும் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

ஆடிப்பட்டம்

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் அப்பா வருடத்தின் பெரிய வேலையை ஆடியில்தான் தொடங்குவார். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை அவர் பழமொழி என்று நினைத்ததே இல்லை, உத்தரவு என்றுதான் நினைத்தார். ஆடிக்காற்றில் வேட்டி பறக்க, வாயில் மண் விழ, ஏர் பூட்டி விதைத்துவிட்டு வருவார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தலையில் இருக்கும் மண்ணைத் தட்டுவார். சென்னியப்பனின் அப்பாவும் அப்படித்தான் விதைத்திருப்பார்.

கல்யாணம் ஆடியில் ஆகாது, சரி. புது வீட்டில் பால் காய்ச்சுவது ஆகாது, சரி. விதைக்க ஆகும் என்ற மாதம் வெட்ட எப்படி ஆகாமல் போனது? தோட்டத்தை விட்டுக் கம்பெனிக்கு வந்தபோது மாட்டையும் மண்வெட்டியையும் விட்டுவிட்டு பயத்தை மட்டும் மூட்டை கட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். நம்பிக்கை இருப்பதில் எனக்குத் தகராறு இல்லை. லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க முடியாத கம்பெனி, நல்ல நேரத்துக்காக வாசலில் அரைமணி நேரம் காத்திருந்ததே, அதில்தான் தகராறு.

கும்பிட்ட கைகள்

அன்று பிற்பகல் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஜெபராஜ் சொல்லியும், கம்பெனி வாட்ஸப் குரூப்பைப் பின்னால் பார்த்தும் தெரிந்துகொண்டேன்.

பூஜை முடிந்ததும் ரமேஷ் கற்பூரப் படத்தைக் குரூப்பில் போட்டார். ரமேஷ் எம்.டி.யின் மச்சினன். படத்துக்குக் கீழே தையல் சூப்பர்வைசரிலிருந்து டிரைவர்வரை கும்பிடு போட ஆரம்பித்தார்கள். மஞ்சள் நிறத்தில் கும்பிட்ட கைகள், ஒன்றன் கீழ் ஒன்றாக.

டேபிளில் துணி ரோலை ஏற்றியாகிவிட்டது. ஆட்கள் அடுத்த லே, அதாவது வெட்டுவதற்கான துணி அடுக்கு, விரிக்கக் காத்திருந்தார்கள். பீகார்ப் பையன் ஒருவன், “மாஸ்டர், சாலு?” என்று, ஆரம்பிக்கலாமா என்பதை இந்தியில் கேட்டுக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றான். ஜெபராஜ் குரூப்பில் கேட்டார்: ‘ரிப்போர்ட் வரல. அடுத்த லே போடவா, நிறுத்தவா?’

அந்தக் கேள்விக்கு மேலே கும்பிட்ட கைகள், கீழே கும்பிட்ட கைகள். எம்.டி.யின் மகள் கோயம்புத்தூர் காலேஜிலிருந்து ஒரு பூங்கொத்து போட்டாள். கேள்வி அப்படியே உள்ளே போய்விட்டது. நான் சாயப்பட்டறைக்குள் இருந்தேன். அங்கே ஆவியும் இரைச்சலும்தான் உண்டு, சிக்னல் கிடையாது.

ஜெபராஜ் அதோடு விடவில்லை. ரமேஷின் அறைக்கே போய்க் கேட்டிருக்கிறார். ஆனியின் கடைசி முகூர்த்தம் என்பதால் ரமேஷ் பட்டு வேட்டி கட்டி ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“எம்.டி. கையால ஆரம்பிச்சதுங்க மாஸ்டர். கற்பூரம் காட்டுன வேலைய நிறுத்துங்கன்னு நான் எப்படிங்க வாயத் தொறந்து சொல்றது?”

“அப்போ போடச் சொல்லுதீங்களா சார்?”

ரமேஷ் அதற்கும் ஆமாம் என்று சொல்லவில்லை. மண்டபத்துக்கு நேரமாகிறது என்றார்.

ஜெபராஜ் திரும்பி வந்து மெஷினைப் போடச் சொன்னார். அடுத்து இரவு ஷிஃப்ட்டும் வந்து வெட்டியது. ஆடி பிறந்த காலையில் நான் உள்ளே நுழைந்தபோது, முன்பக்கம், பின்பக்கம், கை என்று கட்டுக்கட்டாகக் கட்டி, சீட்டு குத்தி, தையலுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தார்கள். வேலை அவ்வளவு சுத்தம். ஓரம் ஒரு நூல் பிசிறவில்லை.

மதியம் ரிப்போர்ட் வந்தது. நீளவாக்கில் நாங்கள் நினைத்ததைவிட மிக அதிகமாகத் துணி சுருங்குகிறது. அந்த டி-சர்ட்டை ஒருமுறை துவைத்தால் எந்தப் பிள்ளைக்கும் தொப்புள் தெரியும்.

அவசரத்தில் அண்டாவுக்குள் கை போகாது என்பார்கள். எங்களுக்குப் போனது. வெளியே எடுக்கத்தான் முடியவில்லை.

ஒரு பெயர் வேண்டும்

அதன் பிறகு இரண்டு நாள் எம்.டி. யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்றாம் நாள் ஜெபராஜையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். சாமி அலமாரியில் அந்த முதல் பீஸ் மஞ்சளோடு இருந்தது. அதை எடுக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். ஆர்டர் கொடுத்தவர்களின் பெங்களூர் அலுவலகம் ஆர்டரை ரத்து செய்யத் தயாராக இருந்தது. புதுத் துணி போட்டு மறுபடி வெட்ட அவர்கள் அனுமதித்தால் சீசன் பிழைக்கும். இல்லாவிட்டால் தையல் லைன்கள் பாதி காலி. அனுமதிக்க ஒரு நிபந்தனை. தப்பு யாருடையது என்று கண்டுபிடித்து, அந்த ஆளை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு பேசவேண்டும்.

“உங்களத் தப்பு சொல்லலீங்க மாஸ்டர்” என்றார் எம்.டி. “அவங்களுக்கு ஒரு பேரு வேணுமாமுங்க. இந்த ஒரு மாசம் ஊருக்குப் போயிருங்க. ஆவணி பொறந்ததும் நானே கூப்புடறனுங்க.”

நான் குறுக்கே பேசினேன். அவர் இரண்டு இடத்தில் கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை, நிறுத்துகிற அதிகாரம் அவருக்கு எப்போது கொடுத்தீர்கள், ரமேஷ் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. எம்.டி. கோபப்படவில்லை.

“தெரியும் கண்ணு” என்றார். “ரமேஷு பேரச் சொன்னா நான் ஊட்டுக்குப் போக வேண்டாமா?”

அவர் அதை வெட்கப்பட்டுத்தான் சொன்னார். அதற்காக அவரை மன்னிக்க இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.

ஜெபராஜ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “கம்பெனி குவாட்டர்ஸைக் காலி பண்ணணுமா ஐயா? பாப்பா பன்னெண்டாவது படிக்கா.”

வேண்டாம், எஸ்தரும் பாப்பாவும் இருக்கட்டும், எஸ்தர் இங்கே பார்க்கும் செக்கிங் வேலையும் இருக்கட்டும், நீங்கள் மட்டும் ஊருக்குப் போய் வாருங்கள் என்றார் எம்.டி. அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான கருணை இருந்தது.

பெங்களூர்க்காரர் வந்து கூட்டம் நடந்தது. ஏன், ஏன் என்று ஐந்துமுறை கேட்டால் எந்தத் தப்புக்கும் வேர் தெரிந்துவிடும் என்பது அவர் படித்த முறை. நானும் அதைத்தான் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். ஏன் நீளம் குறைந்தது? துணி சுருங்கியது. ஏன் முன்பே தெரியவில்லை? ரிப்போர்ட் வருமுன் வெட்டிவிட்டோம். ஏன் வருமுன் வெட்டினீர்கள்?

அந்த மூன்றாவது ‘ஏனில்’ கூட்டம் நின்றது. மறுநாள் ஆடி என்று அந்த ஏசி அறையில் ஒரு வாயும் சொல்லவில்லை. நான் எம்.டி.யைப் பார்த்தேன். எம்.டி. மேஜையைப் பார்த்தார். ரமேஷ், “கம்யூனிகேஷன் கேப்புங்க சார்” என்றார்.

“யார் பக்கத்துல கேப்?”

ஜெபராஜ் எழுந்தார். “நாந்தான் சார். ரிப்போர்ட் வரலன்னு எங்கிட்ட சொன்னாவ. நாந்தான் கவனிக்கல.”

பெங்களூர்க்காரர் எழுதிக்கொண்டார். அறையில் இருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது. டீ வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அதற்குமுன் சும்மா கேட்டிருக்கிறேன். அன்று அது டீயும் பிஸ்கட்டும் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

நாங்கள் கற்ற பாடம்

வேலை முடிந்ததும் ‘இதில் என்ன கற்றோம்’ என்று உட்கார்ந்து பேசவேண்டும் என்கிறது புத்தகம். நாங்களும் கற்றோம். எம்.டி. ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கு நேரம் சரியில்லை, ராகுகாலம் முடிந்த சூட்டோடு கத்திரி வைத்துவிட்டோம் என்றார். இனி விடிகாலையில் வைத்துக்கொள்ள முடிவானது.

புதுத் துணி வந்ததும் மறுபடி வெட்டினார்கள். நட்ட நடு ஆடியில். கற்பூரம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. ஆடியாயிற்றே என்று ரமேஷிடம் கேட்டேன். இது புது ஆரம்பம் இல்லையாம், பழைய வேலையின் தொடர்ச்சிதானாம், தோஷம் கிடையாதாம்.

சரக்கு கப்பல் ஏறியது. குட்டையான பீஸ்களை அப்படியே தைத்து எடைபோட்டுக் காதர்பேட்டை மலிவு விலைக் கடைகளுக்குத் தள்ளினார்கள். கொஞ்ச நாள் கழித்து மங்கலம் ரோட்டில் சிக்னலில் நின்றபோது, முன்னால் ஸ்கூட்டரில் ஒரு குழந்தை அந்த டி-சர்ட்டைப் போட்டு, அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. இடுப்பு தெரிந்தது. அம்மா ஒரு கையால் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

ஆவணி

ஆவணி முதல் தேதி காலையில் ஜெபராஜ் போன் செய்தார். ஊரில் கோழி சத்தம் கேட்டது.

“ஆவணி பொறந்துட்டு மேடம்” என்றார். ஐயாவுக்கு ஞாபகப்படுத்த வேண்டும், தானே பேசினால் நெருக்குகிற மாதிரி இருக்கும் என்றார்.

அன்றே போய்ச் சொன்னேன். எம்.டி. ஞாபகம் இருக்கிறது என்றார், பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் கேட்டேன். பெங்களூர்க்காரர் மாதம் ஒருமுறை வருகிறார், முகத்தைப் பார்த்தால் வம்பு என்றார். அதற்கடுத்த வாரம், “அந்த எடத்துக்குத்தான் ஆள் போட்டாச்சே கண்ணு” என்றார். புது மாஸ்டர் ரமேஷுக்குத் தெரிந்தவர்.

அதற்குள் ஜெபராஜ் ஊரிலிருந்து வந்து மற்ற கம்பெனிகளில் கேட்க ஆரம்பித்திருந்தார். திருப்பூரில் ஆள் போவதற்கு முன்னால் பேச்சு போய்விடும். ரிப்போர்ட் பார்க்காமல் மொத்தத்தையும் வெட்டித் தள்ளிய மாஸ்டர் என்று எல்லா வாசலிலும் அவருக்கு முன்பே அது போய் உட்கார்ந்திருந்தது. குவாட்டர்ஸும் புது மாஸ்டருக்குத் தேவைப்பட்டது. எஸ்தர் செக்கிங் வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போய், பக்கத்திலேயே ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்தாள். பாப்பா அங்கிருந்து பரீட்சைக்குப் படித்தாள்.

எம்.டி. சொன்னதை ஜெபராஜிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. போனில் சொன்னேன். அவர் சரி என்றார். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். ரிப்போர்ட் வரவில்லை என்று தெரியும், இரண்டு இடத்தில் கேட்டும் பதில் இல்லை, டேபிள் உங்களுடையது, ஏன் அண்ணாச்சி நீங்களே நிறுத்தவில்லை?

“நிறுத்தியிருப்பேன் மேடம்” என்றார். “தட்டு என்னைத் தாண்டிப் போச்சுல்லா. தட்டத் தொட்டுக் கும்பிட்டவன் நிறுத்துனா ரிப்போர்ட்டுக்காவ நிறுத்துனான்னு சொல்லுவாவ. நான் நிறுத்துனா, சாமி கும்பிட்டு ஆரம்பிச்சத வேதக்காரன் நிறுத்திட்டாம்னுதான சொல்லுவாவ. அப்புறம் அந்த ஆர்டர்ல ஒரு பட்டன் விழுந்தாலும் எந்தலையிலதான் விடியும்.”

ஆடியைப் பற்றிய பயம் கொஞ்சமும் இல்லாத ஒரே ஆள் அந்த ஷெட்டில் அவர்தான். அவருக்குத்தான் ஆடியால் வேலை போனது.

அவரே பேச்சை மாற்றினார். எஸ்தர் போகும் கம்பெனியில் துணி விரிக்க ஆள் கேட்கிறார்களாம். போகலாமா என்று யோசிக்கிறாராம்.

“மாஸ்டரா இருந்தேன்னு சொன்னா, எங்கன்னு கேப்பாவ. துணி விரிக்க மட்டுந்தான் தெரியும்னு சொல்லிச் சேந்துக்கிடட்டா மேடம்?”

சேர்ந்துகொள்ளுங்கள் என்றேன்.